யாருக்கான திட்டம்? உளச்சிகிச்சைத் திட்டமிடல் வளங்களின் வரலாறு (1960–2018)

ஆய்வுச்சுருக்கம்

உளச்சிகிச்சையாளர் தம் பணியில் நாள்தோறும் கையாளும் ஆவணங்களுள் சிகிச்சைத் திட்டம் முதன்மையானது. நோயாளரின் சிக்கல், அடைய வேண்டிய இலக்கு, அதற்கான வழி, கால எல்லை, பொறுப்பேற்போர் ஆகியவற்றை அது எழுத்தில் நிறுத்துகிறது. இவ்வாவணத்தையும், இதனை எழுதத் துணைபுரியும் படிவங்கள், கையேடுகள், திட்டநூல்கள் ஆகியவற்றையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. மருத்துவப் பதிவேட்டுச் சீர்திருத்தம், நீதிமன்றத் தீர்ப்பு, ஆய்வுக் கையேடு, காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு, உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டி என ஐந்து ஊற்றுகளிலிருந்து இவ்வளங்கள் உருவாயின. ஒவ்வோர் ஊற்றும் திட்டத்திற்கு ஒரு புதிய வாசகரைக் கொண்டுவந்தது. யாருடைய வாழ்வைப் பற்றித் திட்டம் எழுதப்படுகிறதோ அந்நோயாளர் மட்டும் பெரும்பாலும் அதன் வாசகராகவில்லை. 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்நிலையை மாற்றக் கோருவதால், தமிழில் சிகிச்சைத் திட்டம் எழுதுவது மொழித்துறைக்கும் உரிய ஆய்வுப் பொருளாகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிகிச்சைத் திட்டம், உளச்சிகிச்சைக் கையேடு, சிகிச்சை உரிமை, வயட் வழக்கு, மனநலப் பராமரிப்புச் சட்டம், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

மருத்துவ வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் கோட்பாடுகளையும் நிறுவனங்களையும் மையப்படுத்துகின்றன. உளச்சிகிச்சையின் வரலாறும் பிராய்டிலிருந்து பெக் வரை கொள்கைகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அன்றாடப் பணியில் சிகிச்சையாளர் நிரப்பும் படிவங்களுக்கு இவ்வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு கொள்கை நோயாளரைச் சென்றடைவது இத்தகைய எளிய ஆவணங்களின் வழியாகவே ஆகும். எத்தனை அமர்வுகள், எந்தச் சிக்கல் முதலில், எப்போது சிகிச்சை முடிந்ததெனக் கொள்வது ஆகிய முடிவுகள் திட்டத்தாளில்தான் எடுக்கப்படுகின்றன.

இக்கட்டுரையில் 'திட்டமிடல் வளங்கள்' என்பது, பணியிலிருக்கும் உளச்சிகிச்சையாளர் ஒரு நோயாளருக்கான சிகிச்சையை வகுப்பதற்குத் துணையாகக் கொள்ளும் எழுத்துக் கருவிகள் அனைத்தையும் குறிக்கும். இவற்றின் வளர்ச்சி முதன்மையாக அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்தது. ஆதலின் கட்டுரையின் பெரும்பகுதி அந்நாட்டைச் சார்ந்தே அமைகிறது. பின்னர் தெற்காசியாவிற்கும், இறுதியில் தமிழ்ச் சூழலுக்கும் வருகிறது. திட்டம் யாரால் கோரப்பட்டது, யாரை நோக்கி எழுதப்பட்டது என்னும் இரு வினாக்களே ஒவ்வொரு பகுதியையும் இணைக்கும் இழையாகும்.

திட்டமிடத் தயங்கிய மரபு

உளச்சிகிச்சை தன் தொடக்கக் காலத்தில் முன்கூட்டிய திட்டத்தை ஐயத்துடன் நோக்கியது. சிக்மண்ட் பிராய்டு 1912இல் மருத்துவர்களுக்கு வழங்கிய பரிந்துரைகளில், அமர்வின்போது முழுமையான குறிப்பெடுப்பதைத் தவிர்க்குமாறு கூறினார். எதைக் குறிப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே மருத்துவரின் கவனம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது அவர் கருத்து. 1913இல் சிகிச்சையைத் தொடங்குவது பற்றி எழுதியபோது அதனைச் சதுரங்க ஆட்டத்துடன் ஒப்பிட்டார். ஆட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே முறைப்படுத்தி விளக்க இயலும். இடையில் விரியும் எண்ணற்ற நகர்வுகளை நூலில் அடக்க இயலாது.

இந்நிலைப்பாட்டிற்கு உள்ளார்ந்த ஏரணம் உண்டு. நோயாளர் முதல் நாளில் கூறும் குறையே அவருடைய உண்மையான சிக்கல் என்று உளப்பகுப்பாய்வு கொள்வதில்லை. சிக்கல் எது என்று அறிவதே சிகிச்சையின் பணி எனும்போது, அதனை முதல் வாரத்திலேயே எழுதிவைத்தல் பொருந்தாது. மேலும், அன்றைய சிகிச்சை தனியார் மருத்துவருக்கும் கட்டணம் செலுத்தும் நோயாளருக்கும் இடைப்பட்ட ஒன்று. மூன்றாமவர் எவரும் அதற்குக் கணக்குக் கேட்கவில்லை. மூன்றாமவர் நுழைந்தபோது இம்மரபு நெருக்கடிக்குள்ளானது. 1952இல் ஹான்ஸ் ஐசென்க் உளச்சிகிச்சையின் பயனையே ஐயுற்றுக் கட்டுரை வெளியிட்டார். அவருடைய கணக்கீடு பின்னர்க் கடுமையாக மறுக்கப்பட்டபோதிலும், அவர் எழுப்பிய வினா மறையவில்லை. 1967இல் கார்டன் பால் அவ்வினாவைக் கூர்மையாக்கினார். உளச்சிகிச்சை பயன்தருமா என்று பொதுவாகக் கேட்பதை விடுத்து, எந்தச் சிகிச்சை, யாரால், எத்தகைய சிக்கலுடைய எவருக்கு, எந்தச் சூழலில் பயன்தரும் என்று கேட்க வேண்டும் என்றார். திட்டத்தாளின் கட்டங்கள் ஏறத்தாழ இவ்வினாவின் உறுப்புகளாகவே பின்னாளில் அமைந்தன.

பதிவேட்டின் சீர்திருத்தம்

திட்டத்தாளின் வடிவம் உளச்சிகிச்சைக்கு வெளியே, பொது மருத்துவத்தில் தோன்றியது. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில், மருத்துவமனைப் பதிவேடுகள் ஒழுங்கின்றிக் கிடப்பதைச் சுட்டினார். ஆய்வக முடிவு ஓரிடத்தில், செவிலியர் குறிப்பு மற்றோரிடத்தில், மருத்துவர் கருத்து வேறோரிடத்தில் என்று சிதறியிருந்த பதிவேட்டை, நோயாளரின் சிக்கல்களை எண்ணிட்டு வரிசைப்படுத்திய பட்டியலைச் சுற்றி அமைக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு சிக்கலின்கீழும் நோயாளர் கூறியது, மருத்துவர் கண்டது, மதிப்பீடு, திட்டம் என்னும் நான்கு பகுதிகள் இடம்பெறும். இந்த நான்கு பகுதிக் குறிப்பு இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் வழங்குகிறது. நோயாளர் கூறியதற்கென்று தனி இடமும் அவ்விடத்திற்கு முதன்மையும் தரப்பட்டது இதன் சிறப்பாகும்.

அதே 1968இல் தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் ஆகிய இருவரும் சமுதாய மனநலத் திட்டங்களை மதிப்பிடுவதற்கென இலக்கு எய்தல் அளவையை வெளியிட்டனர். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவில் சமுதாய மனநல மையங்கள் பெருகிவந்த காலம் அது. ஒவ்வொரு நோயாளருக்கும் வெவ்வேறு இலக்குகள் இருக்கும்போது மையத்தின் வெற்றியை எவ்வாறு அளப்பது என்பது அவர்கள் எதிர்கொண்ட சிக்கல். சிகிச்சையின் தொடக்கத்திலேயே ஒவ்வோர் இலக்கிற்கும் ஐந்து படிநிலைகளைச் சொற்களால் எழுதிக்கொள்ள வேண்டும் என்றனர். எதிர்பார்த்த விளைவு சுழியம்; அதனினும் மேம்பட்டவை கூட்டல் 1, கூட்டல் 2; தாழ்ந்தவை கழித்தல் 1, கழித்தல் 2. வேலையின்றி வீட்டிலேயே அடைந்திருப்பவருக்கு வாரம் இருமுறை வெளியே செல்வது எதிர்பார்த்த விளைவாகலாம். வேறொருவருக்கு அது வேறாகும். பொது அளவுகோலையும் தனியாள் இலக்கையும் ஒருங்கிணைத்த இம்முயற்சி, இலக்குகளை அளக்கத்தக்க சொற்களில் எழுதும் பழக்கத்தை உளச்சிகிச்சைக்கு வழங்கியது.

நீதிமன்றம் எழுதுவித்த திட்டம்

படிவமாக இருந்த திட்டம் உரிமையாக மாறியது அலபாமா மாநிலத்தில். இதற்கான கருத்தியல் அடித்தளத்தை மருத்துவரும் வழக்கறிஞருமான மார்ட்டன் பிர்ன்பாம் 1960இல் அமெரிக்க வழக்கறிஞர் கழக இதழில் எழுதிய கட்டுரை அமைத்திருந்தது. சிகிச்சை தருவதாகக் கூறி ஒருவரை அடைத்துவைக்கும் அரசு, சிகிச்சை தராவிடில் அவரை அடைத்துவைக்கும் தகுதியையும் இழக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

டஸ்கலூசா நகரிலிருந்த பிரைஸ் மருத்துவமனையில் அப்போது ஏறத்தாழ 5,000 பேர் இருந்தனர். 1970இல் சிகரெட் வரி வருவாய் குறைந்ததைக் காரணம் காட்டி அங்கே ஏறத்தாழ நூறு பணியாளர்கள் நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரின் உறவினரான 15 வயது ரிக்கி வயட் அம்மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தார். அவர் பெயரில் 1970 அக்டோபரில், மாநில மனநலத் துறையின் ஆணையர் ஸ்டோன்வால் ஸ்டிக்னியை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. பணிநீக்கத்தை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு, விரைவிலேயே நோயாளரின் உரிமையைப் பற்றியதாயிற்று. கூட்டாட்சி மாவட்ட நீதிபதி பிராங்க் ஜான்சன் 1971 மார்ச்சில், விருப்பமின்றி அடைக்கப்பட்டவர்களுக்குத் தத்தம் நிலைக்கேற்ற சிகிச்சை பெறும் அரசியலமைப்பு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். 1972 ஏப்ரலில் அதற்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்தார். மாந்தநேயமிக்க சூழல், போதிய எண்ணிக்கையில் தகுதிவாய்ந்த பணியாளர், தனியாள் சிகிச்சைத் திட்டம் ஆகிய மூன்றும் அவற்றின் அடிப்படைகள்.

அத்தரங்களின்படி, அனுமதிக்கப்பட்ட ஐந்து நாள்களுக்குள் ஒவ்வொருவருக்கும் திட்டம் எழுதப்பட வேண்டும். சிக்கல்களும் தேவைகளும், மிகக் குறைந்த கட்டுப்பாடுடைய சிகிச்சைச் சூழல், இடைக்கால, நீண்டகால இலக்குகளும் அவற்றை எய்தும் காலக்குறிப்பும், தேர்ந்த வழிக்கான காரணம், பணியாளர் பொறுப்பு, விடுவிப்பதற்கான அளவுகோல் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். நோயாளர் செய்யும் வேலை எதுவாயினும் அதுவும் குறிக்கப்பட வேண்டும். சிகிச்சை என்னும் பெயரில் நோயாளரிடம் ஊதியமற்ற உழைப்புப் பெறப்பட்டு வந்த பின்னணியில்தான் இந்த இறுதி விதியின் பொருள் விளங்கும்.

இங்கே திட்டத்தின் இயல்பு அடிப்படையில் மாறுகிறது. வீட்டின் பதிவேடு மருத்துவரின் சிந்தனையை ஒழுங்குபடுத்தியது. கிரெசுக்கின் அளவை மையத்தின் செயல்திறனை அளந்தது. ஜான்சன் கோரிய திட்டமோ அடைக்கப்பட்ட ஒருவர் வெளியேறுவதற்கான வழியை எழுத்தில் உறுதிசெய்தது. விடுவிப்பு அளவுகோல் இல்லாத அடைப்பு, முடிவற்ற தண்டனையாகும். வயட் வழக்கு 2003இல்தான் முடிவுற்றது. அதற்குள் அத்தரங்கள் பல மாநிலங்களின் சட்டங்களிலும் விதிகளிலும் கலந்துவிட்டன. மெடிகேர் திட்டத்தில் பங்கேற்கும் மனநல மருத்துவமனைகளும் தனியாள் திட்டத்தில் குறுகியகால, நீண்டகால இலக்குகளையும், கையாளும் சிகிச்சை வகைகளையும், குழுவினர் ஒவ்வொருவரின் பொறுப்பையும் குறிக்கக் கடமைப்பட்டுள்ளன. இன்று சலிப்புடன் நிரப்பப்படும் கட்டங்கள் சிலவற்றின் பின்னே இத்தகைய வழக்குகளும் உள்ளன என்பதை வரலாறு நினைவூட்டுகிறது.

ஆய்வு வளர்த்த கையேடு

மற்றோர் ஊற்று ஆய்வுத் துறையிலிருந்து வந்தது. மருந்தைச் சோதிப்பதுபோல் உளச்சிகிச்சையையும் சோதிக்க வேண்டுமாயின், எல்லாச் சிகிச்சையாளரும் ஒரே சிகிச்சையைத் தருகின்றனர் என்பதை உறுதிசெய்ய வேண்டும். அதற்கெனவே கையேடுகள் எழுதப்பட்டன. ஏரன் பெக்கும் அவர்தம் துணையாசிரியர்களும் மனச்சோர்வுக்கான அறிகைச் சிகிச்சை நூலை 1979இல் வெளியிட்டனர். ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் முதலானோரின் ஆளிடைத் தொடர்புச் சிகிச்சை நூல் 1984இல் வெளிவந்தது. இவ்விரு சிகிச்சைகளையும் மருந்துடனும் வெற்று மாத்திரையுடனும் ஒப்பிட்ட அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் கூட்டாய்வு, 250 நோயாளரைச் சமவாய்ப்பு முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரித்து 16 வாரச் சிகிச்சைக்கு உட்படுத்தியது. அதன் முதன்மை முடிவுகள் 1989இல் வெளிவந்தன.

கையேட்டின் பயனை மறுப்பதற்கில்லை. பெக்கின் நூல் அமர்வின் தொடக்கத்திலேயே அன்றைய பேசுபொருளை நோயாளருடன் சேர்ந்து வகுக்கவும், அடுத்த அமர்வுக்கு முன் செய்ய வேண்டிய பயிற்சியை ஒப்புக்கொள்ளவும் வழிகாட்டியது. பிராய்டின் மரபில் மறைந்திருந்த சிகிச்சை வழி நோயாளருக்குத் திறந்து காட்டப்பட்டது. அதே வேளையில், 1980இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் மூன்றாம் நோயறிதல் கையேடு அறிகுறிகளின் எண்ணிக்கையால் நோய்களை வரையறுத்தது. நோய்ப்பெயரும் சிகிச்சைக் கையேடும் இணைந்தபோது, இந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை என்னும் ஒழுங்கு பிறந்தது. அமெரிக்க உளவியல் கழகத்தின் மருத்துவ உளவியல் பிரிவு டயான் சாம்ப்லெஸ் தலைமையில் அமைத்த பணிக்குழு, சான்றால் உறுதிப்பட்ட சிகிச்சைகளின் பட்டியலை 1995இல் வெளியிட்டபோது இவ்வொழுங்கு நிலைபெற்றது. ஆய்வின் நேர்மைக்காக எழுதப்பட்ட கையேடு, பணியிடத்தின் கட்டளையாக மாறக்கூடும் என்னும் அச்சமும் அப்போதே எழுந்தது.

காப்பீட்டாளரின் வருகை

அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 1973ஆம் ஆண்டின் நலப்பராமரிப்பு அமைப்புகள் சட்டத்தைத் தொடர்ந்து, 1980களிலும் 1990களிலும் அமெரிக்க மருத்துவச் செலவினைக் கட்டுப்படுத்தும் மேலாண்மைப் பராமரிப்பு முறை பரவியது. சிகிச்சை தொடர வேண்டுமாயின் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் இசைவளிக்க வேண்டும். அவர் நோயாளரைப் பார்ப்பதில்லை; திட்டத்தைத்தான் பார்க்கிறார். எனவே சில அமர்வுகளில் முடியத்தக்கதாகவும், அளக்கத்தக்க இலக்குடையதாகவும், நோய்ப்பெயருடன் பொருந்துவதாகவும் திட்டத்தை எழுதும் திறன் சிகிச்சையாளரின் பிழைப்புக்கே இன்றியமையாததாயிற்று.

இத்தேவைக்கு விடையாகத் தோன்றியதே திட்டநூல் என்னும் புதிய நூல்வகை. ஆர்தர் ஜாங்ஸ்மா, மார்க் பீட்டர்சன் ஆகிய உளவியலாளர்கள் எழுதிய முழுமையான உளச்சிகிச்சைத் திட்டநூலை வைலி நிறுவனம் 1995இல் வெளியிட்டது. அதன் அமைப்பு எளிமையானது. சினம், பதற்றம், மனச்சோர்வு எனச் சிக்கல்கள் ஆங்கில அகர வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின்கீழும் நடத்தை சார்ந்த வரையறைகள், நீண்டகால இலக்குகள், குறுகியகாலக் குறிக்கோள்கள், அவற்றுக்குரிய இடையீடுகள், பொருந்தக்கூடிய நோய்ப்பெயர்கள் ஆகியவை ஆயத்தமான வாக்கியங்களாக எண்ணிட்டுத் தரப்பட்டிருக்கும். சிகிச்சையாளர் தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்துக் கோக்கலாம். பகுதிதோறும் அவரே எழுதிச் சேர்ப்பதற்கு வெற்றுக் கோடுகளும் உண்டு. பின்னர் சிறுவர், வளரிளம் பருவத்தினர், இணையர், போதைப்பழக்கத்தினர் எனப் பிரிவுக்கொரு நூலாக இவ்வரிசை விரிந்தது, மென்பொருளாகவும் வெளிவந்தது.

திட்டநூலைத் தரக்குறைவான குறுக்குவழி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரே நாளில் பலரைக் காணும் சிகிச்சையாளருக்கு, குறிப்பாகப் புதிதாகப் பணிக்கு வந்தவருக்கு, தாம் மறந்துவிடக்கூடிய ஒன்றை நினைவூட்டும் பட்டியல் பயனுடையது. இடர்ப்பாடு அவ்வாக்கியங்களின் திசையில் உள்ளது. நோயாளர் எதனை அடையாளம் காண வேண்டும், எதனை வெளிப்படுத்த வேண்டும் என்று அவை நோயாளரைப் பற்றிக் கூறுகின்றன. நோயாளரைப் பற்றி மூன்றாமவருக்குக் கூறும் இலக்கணம் இது. வயட் வழக்கில் நோயாளரின் விடுதலைக்காகக் கோரப்பட்ட கால எல்லை, இங்கே கட்டணத்தை நிறுத்துவதற்கான எல்லையாகவும் பயன்பட்டது. ஒரே கட்டம், ஒரே சொல். வாசகர் மாறியதும் பொருள் மாறியது.

உடன்பாடாகத் திட்டம்

திட்டத்தை வேறு வகையில் காண்பதற்கான கருத்து இதற்கு முன்னரே தோன்றியிருந்தது. எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சைக் கூட்டுறவு என்பதை மூன்று கூறுகளாக விளக்கினார். இலக்குகளில் உடன்பாடு, செய்ய வேண்டிய பணிகளில் உடன்பாடு, இருவருக்கும் இடைப்பட்ட பிணைப்பு ஆகியவை அவை. இவற்றுள் முதலிரண்டும் திட்டத்தாளின் உள்ளடக்கமே ஆகும். அவ்வாறாயின் திட்டம் சிகிச்சைக்கு முந்தைய அலுவல் அன்று. இருவரும் சேர்ந்து அதனை வகுப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி.

இதற்கான சான்று, கையேடுகளைச் சோதித்த கூட்டாய்விலிருந்தே கிடைத்தது. அதன் தரவுகளைக் கொண்டு 1996இல் வெளியான பகுப்பாய்வு, சிகிச்சைக் கூட்டுறவின் தரம் இருவகை உளச்சிகிச்சையில் மட்டுமின்றி, மருந்துப் பிரிவிலும் வெற்று மாத்திரைப் பிரிவிலும் விளைவுடன் தொடர்புடையது என்று காட்டியது. 2001இல் புரூஸ் வாம்போல்ட் தம் நூலில், சிகிச்சை முறைகளுக்கிடையிலான வேறுபாட்டைவிட அவற்றுக்குப் பொதுவான கூறுகளே விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார். இவ்வாதம் இன்றும் முடிவுறவில்லை. குறிப்பிட்ட சில சிக்கல்களுக்குக் குறிப்பிட்ட முறைகளே சிறந்தவை என்போரும் உளர். எனினும் நோயாளரின் உடன்பாடின்றி எழுதப்பட்ட திட்டம் வலுவற்றது என்பதில் இருதரப்பினரும் வேறுபடுவதில்லை.

அமெரிக்கத் தனியுரிமை விதிகளும் இதற்கு இயைந்த ஒரு பிரிவினையைச் செய்துள்ளன. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட அவ்விதிகள், சிகிச்சையாளர் தம் சிந்தனைக்கெனத் தனியே வைத்துக்கொள்ளும் உளச்சிகிச்சைக் குறிப்புகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பு அளிக்கின்றன. அவற்றை நோயாளருக்குக் காட்டும் கட்டாயமில்லை. ஆனால் சிகிச்சைத் திட்டத்தின் சுருக்கம் அப்பாதுகாப்பிற்குள் அடங்காது என்று விதியே கூறுகிறது. குறிப்பு சிகிச்சையாளருடையது, திட்டம் நோயாளர் கேட்டுப் பெறத்தக்கது.

எளிய மொழியில் கையேடு

பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர் அரிதாக உள்ள நாடுகளில் வினா வேறு வடிவம் பெற்றது. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் மனநல இடைவெளி குறைப்புச் செயல்திட்டத்தைத் தொடங்கி, 2010இல் அதற்கான இடையீட்டு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் திருத்திய பதிப்பு 2016இல் வந்தது. உளமருத்துவர் அல்லாத மருத்துவரும் செவிலியரும் படிப்படியாகப் பின்பற்றத்தக்க முடிவெடுப்பு வரைபடங்களாக அது அமைந்தது.

தெற்காசியாவில் நிகழ்ந்த இரு முயற்சிகள் இங்குக் கருதத்தக்கவை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிச் சிற்றூர்களில் அதிஃப் ரஹ்மானும் குழுவினரும், மனச்சோர்வுற்ற கருவுற்ற தாய்மாருக்கென ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினர். அரசின் பெண் நலப்பணியாளர்கள் 16 அமர்வுகளில் அதனை வழங்கினர். 2008இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது சிகிச்சை பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுப் பிரிவில் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வுடன் இருந்தனர். படங்களின் துணையுடன் பேசும் இக்கையேட்டை உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வெளியிட்டது. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், தொழில்முறைப் பட்டம் பெறாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் வழங்கத்தக்க சிகிச்சை முறையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இக்கையேடுகளின் ஆசிரியர்கள் எதிர்கொண்டது மருத்துவச் சிக்கலாக மட்டுமன்றி மொழிச் சிக்கலாகவும் இருந்தது. சிகிச்சையை வழங்குபவரும் பெறுபவரும் ஒரே ஊர்ப் பேச்சைப் பேசுபவர்கள். எனவே இருவருக்கும் விளங்காத சொல் திட்டத்தில் இருக்க இயலாது. காப்பீட்டு மதிப்பீட்டாளருக்கென எழுதப்பட்ட திட்டநூலுக்கு இல்லாத ஒழுக்கம் இது.

தமிழ்ச் சூழல்: சட்டமும் சொல்லும்

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலம் குன்றியோர் தங்கவைக்கப்பட்டிருந்த கூரைக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றி 28 பேர் இறந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அன்று நடைமுறையிலிருந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அனுமதி, அடைப்பு, உரிமம் ஆகியவற்றையே முதன்மையாகக் கருதியது. அதன் இடத்தில் 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரின் உரிமைகளை மையமாகக் கொண்டது. அதன் 95ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

இக்கட்டுரையின் பொருளுக்கு மேலும் மூன்று பிரிவுகள் முதன்மையானவை. 22ஆம் பிரிவு, நோயின் தன்மையையும் முன்மொழியப்பட்ட சிகிச்சைத் திட்டத்தையும் அறியும் உரிமையை வழங்குகிறது; அத்தகவலைப் பெறுபவர் புரிந்துகொள்ளும் மொழியிலும் வடிவிலும் தரவேண்டும் என்கிறது. 25ஆம் பிரிவு அடிப்படை மருத்துவப் பதிவேடுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. 98ஆம் பிரிவு, மருத்துவமனையிலிருந்து ஒருவர் வெளியேறும்போது அவருடனும் அவர் நியமித்த பிரதிநிதியுடனும் குடும்பத்தினருடனும் கலந்து, தொடர்ந்து சிகிச்சை வழங்கும் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்கிறது. ஜான்சனின் தரங்கள் திட்டம் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தின. இந்தியச் சட்டம் அது விளங்கவும் வேண்டும் என்று ஒருபடி மேலே செல்கிறது.

விளங்குவது என்பது மொழிபெயர்ப்பால் மட்டும் நிறைவேறாது. 'நோயாளர் தம் அறிகைத் திரிபுகளை இனங்காண்பார்' என்பது பிழையற்ற தமிழ் வாக்கியம், கலைச்சொற்களும் பொருத்தமானவை. ஆயினும் மனம் பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஓயாமல் யோசனை ஓடுகிறது என்று கூறி வந்தவருக்கு அவ்வாக்கியம் எதையும் உணர்த்தாது. 'ஏதாவது நடந்தவுடன் மனத்தில் என்ன தோன்றுகிறது என்பதைக் குறித்துவைப்பேன். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து பார்ப்போம்' என்பது அதே குறிக்கோளைக் கூறும். இங்கே படர்க்கை தன்மையாக மாறுகிறது. முன்னிலையையும் உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாட்டைக் கொண்ட தமிழ், போர்டின் கூறிய உடன்பாட்டை ஒரு சொல்லிலேயே காட்டவல்லது. 'நாம்' என்று எழுதத்தக்க திட்டம் எது, 'நாங்கள்' என்று எழுதினால் மட்டுமே உண்மையாகும் திட்டம் எது என்பதே நல்ல சோதனையாகும்.

கலைச்சொற்களின் நிலையும் கருதத்தக்கது. இலக்கு, குறிக்கோள் ஆகிய இரண்டும் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குவதால், நீண்டகாலப் பயனுக்கும் அதற்கான படிக்கும் உள்ள வேறுபாடு மங்குகிறது. தமிழ்நாட்டில் மனநல ஆலோசனை, ஆற்றுப்படுத்துதல் என்னும் சொற்களும், இலங்கையில் உளவளத்துணை, சீர்மியம் என்னும் சொற்களும் பயில்கின்றன. இவற்றுள் ஆற்றுப்படுத்துதல், வழி அறிந்தவர் வழி தேடுபவருக்குக் காட்டும் பழைய இலக்கிய மரபை உட்கொண்டது. உளவளத்துணை, துணை நிற்றலை முன்னிறுத்துகிறது. இருவேறு சிகிச்சை உறவுகள் இவ்விரு சொற்களுக்குள் அடங்கியுள்ளன.

தமிழில் இத்தகைய எழுத்துக்கு முன்னோடிகளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் விளைத்த உளக்காயங்களைப் பற்றி 'மனவடு' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். பின்னர் சிவயோகனுடன் இணைந்து, சமுதாயப் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதற்கான மனநலக் கையேட்டையும் உருவாக்கினார். ஆங்கிலம் அறிந்த வல்லுநருக்கென்று அமையாமல், பாதிக்கப்பட்டோரிடையே வாழும் பணியாளருக்கென்று எழுதப்பட்டமையே இம்முயற்சியின் சிறப்பு. உளக்காயம் ஆறிய பின்னும் தங்கும் தடத்தை வடு என்னும் சொல்லால் உணர்த்தியது, கலைச்சொல்லாக்கம் பட்டறிவிலிருந்து பிறக்கும்போது பெறும் வலிமைக்குச் சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. சிகிச்சைத் திட்டம் ஒரே தேவையிலிருந்து தோன்றிய ஆவணம் அன்று. மருத்துவரின் ஒழுங்கு, அடைக்கப்பட்டவரின் உரிமை, ஆய்வாளரின் கட்டுப்பாடு, காப்பீட்டாளரின் கணக்கு, பயிற்சி குறைந்த பணியாளரின் தேவை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் படிந்துள்ளன. இன்றைய படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் இவற்றுள் ஒன்றிலிருந்து வந்தது. எக்கட்டம் யாருக்காக உருவானது என்பதை அறிந்த சிகிச்சையாளர், அதனை யாருக்காக நிரப்ப வேண்டும் என்பதையும் தெரிந்து தேர்வார்.

படிவங்களையும் கையேடுகளையும் அப்படியே இறக்குமதி செய்யும்போது அவற்றின் வாசகர்களும் உடன் வந்துவிடுகின்றனர். காப்பீட்டு மதிப்பீட்டாளரை நோக்கிய வாக்கியங்கள், அத்தகைய மதிப்பீட்டாளரே இல்லாத அரசு மருத்துவமனையிலும் தொடர்கின்றன. இந்தியச் சட்டம் நோயாளரைத் திட்டத்தின் முதல் வாசகராக்கியுள்ளது. அவ்வாசகர் தமிழர் எனில், அவருக்கு விளங்கும் திட்டத்தை எழுதுவதற்கான சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் உருவாக்குவது உளவியலாளரால் மட்டும் முடிவதன்று. மருத்துவமனைகளில் வழங்கும் நோயுரைச் சொற்களைத் தொகுத்தல், வட்டார வழக்குகளை ஒப்பிடுதல், இலக்கு வாக்கியங்களை நோயாளர்களிடம் வாசித்துக் காட்டி விளக்கத்தைச் சோதித்தல் ஆகிய பணிகள் தமிழ்த் துறையும் உளவியல் துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்கவை. தம் வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட தாளை ஒருவர் தாமே படித்து, அதில் ஒரு வரியைத் திருத்தச் சொல்ல இயலுமானால், அச்சட்டத்தின் நோக்கம் அங்கேதான் நிறைவேறத் தொடங்குகிறது.